பழைய மாடல் விமான இன்ஜினைப் பாதுகாப்பாகப் பொருத்தி ஓட்டுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: மாமா வைத்திருந்த 25 சைஸ் க்ளோ இன்ஜின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மகன் லீவில் பால்சா விமானம் ஒன்று கட்டி முடித்துவிட்டான். அதில் இந்த இன்ஜினை மாட்டி ஓட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பையனும் பக்கத்தில் நிற்கப்போகிறான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகத்துக்குக் கீழே குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறது. கோடையில் வற்றிக் கிடந்த ஏரி ஒன்றில், காலை ஏழரை மணிக்கு வந்தது அது. 40 சைஸ் இன்ஜின், மூன்றாவது தட்டிலேயே பிடித்துக்கொண்டது. பிளக்கில் மாட்டியிருந்த பேட்டரி கிளிப்பைக் கழற்ற வேண்டும். நான் விமானத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து இறக்கையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக ஆறேழு எட்டு வைத்தால் போதும். நான் எழவில்லை, இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினேன். எதிர் வெயிலில் ப்ரொப்பெல்லர் கண்ணுக்கே தெரியவில்லை. அதற்குப் பின்னால் கிளிப் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. வலி எதுவும் இல்லை. ஏன் நின்றது என்று பார்க்கக் குனிந்தபோதுதான் வெள்ளை இறக்கையில் ரத்தம் சொட்டியிருப்பதைப் பார்த்தேன். ஏழு தையல் போட்டார்கள். எலும்பு தப்பியது. மார்கழிக் குளிரில் அந்த விரல் நுனி இன்றும் மரத்துப்போகிறது.

உங்கள் 25 சைஸ் என்பது சுமார் 4 சிசி. கைக்குள் அடங்கிவிடும், விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும். அதில் 9 அங்குல ப்ரொப்பெல்லர் (சுருக்கமாக ப்ராப்) மாட்டி நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால், ப்ராப்பின் நுனி மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. வீட்டு டேபிள் ஃபேனுக்குக்கூட முன்னால் ஒரு கம்பிக் கூண்டு உண்டு, இதற்கு அது கிடையாது.

இன்னொன்று, இதற்குச் சாவியும் கிடையாது. க்ளோ பிளக்கில் இருப்பது பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். இன்ஜின் பிடித்த பிறகு, எரியும் சூட்டாலும் மெத்தனால் பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வினையாலும் அந்தச் சுருள் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் நிற்காது. எரிபொருளை நிறுத்த வேண்டும், அல்லது காற்றை அடைக்க வேண்டும். அதனால் ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நிறுத்துவதை ஒத்திகை பாருங்கள். ரிமோட்டில் த்ராட்டில் குச்சியையும் அதன் ட்ரிம்மையும் (குச்சியின் நிலையை நுணுக்கமாகத் திருத்தும் சின்ன நெம்பு) முழுக்கக் கீழே இறக்கினால் கார்புரேட்டர் ஓட்டை ஒரு முடி அளவுகூட இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சிக்னல் விட்டுப்போனால் த்ராட்டில் தானாக மூடும்படி ஃபெயில்சேஃபை வையுங்கள். இரண்டும் கைவிட்டால், பின்பக்கமாக நின்றபடி எரிபொருள் குழாயை விரலால் நசுக்குங்கள். குழாய் அதற்கு எட்டும்படி வெளியே தெரிய வேண்டும், பொருத்தும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன்னால் இன்ஜின் சுற்றுகிறதா பாருங்கள். பழைய இன்ஜின்கள் இறுகிப்போயிருக்கும். காரணம் பெரும்பாலும் துரு இல்லை. எரிபொருளில் இருந்த ஆமணக்கெண்ணெய் உள்ளே காய்ந்து பிசின்போல ஒட்டிக்கொண்டிருக்கும். ப்ராப்பைப் பிடித்து மல்லுக்கட்டினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடாக்கி, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மெதுவாக அசைத்துப் பாருங்கள். இளகிவிடும். இளகிய பிறகும் சுற்றும்போது கரகரவென்று கையில் உரசினால் பேரிங் போயிருக்கிறது. அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

முதல் ஓட்டம் விமானத்தில் வேண்டாம். கனமான பலகை ஒன்றில் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டைப் போல்ட் போட்டு இறுக்கி, அந்தப் பலகையை உறுதியான மேஜையோடு இரண்டு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். இன்ஜினை நேரடியாகப் பட்டறை வைஸில் கடிக்க வைப்பதைச் சிலர் செய்கிறார்கள். அலுமினிய உடல் அதில் நசுங்கிக் கோணிவிடும், பிடிப்பும் உறுதியாக இருக்காது.

விமானத்தில் மாட்டும்போது முகப்பில் இருக்கும் பிளைவுட் தடுப்பு, அதாவது ஃபயர்வால், 25 சைஸுக்கு 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டாக இருக்கட்டும். எபாக்சி போட்டு ஒட்டி, உள்மூலைகளில் முக்கோணப் பால்சாக் கட்டை வையுங்கள். ஒட்டியது காய்ந்ததும் மவுண்ட்டைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். உங்கள் கையில் கழன்று வருகிற ஃபயர்வால் ஆகாயத்தில் கட்டாயம் கழன்றுவிடும். அதன் முகத்திலும் டேங்க் அறைக்குள்ளும் ஒரு பூச்சு மெல்லிய எபாக்சி அடியுங்கள். எரிபொருளின் எண்ணெய் ஊறிய மரம் நாளடைவில் பசையை விட்டுவிடும். மவுண்ட்டின் நாலு போல்ட்டுக்கும் பின்பக்கம் பிளைண்ட் நட், அதாவது மரத்தில் பல் பதிந்து நிற்கும் நட்டு, போடுங்கள். மரத்தில் நேராக ஏறும் திருகு அதிர்விலேயே தளர்ந்துவிடும். உலோகத்தோடு உலோகம் சேரும் மரைகளில் மரை தளராமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட்லாக் பசை ஒரு சொட்டு விடுங்கள். முதல் டேங்க் ஓடி முடிந்து ஆறியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். சைலன்சர் போல்ட்டுகளைத் தனியாகப் பாருங்கள், அவைதான் முதலில் தளரும்.

டேங்க்கின் நடுக்கோடு நீடில் வால்வின் (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) உயரத்துக்கு நேராக, அல்லது கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். ரொம்ப மேலே இருந்தால் ஓடாமல் நிற்கும் நேரத்தில் எரிபொருள் தானாக இன்ஜினுக்குள் வடியும். ரொம்பக் கீழே இருந்தால் மூக்கைத் தூக்கும்போது இன்ஜின் ஏங்கி நின்றுவிடும். டேங்க்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள், இல்லையென்றால் அதிர்வில் உள்ளே நுரை கட்டும்.

நீடில் வால்வு எங்கே இருக்கிறது? பழைய இன்ஜின்களில் அது ப்ராப்புக்கு நேர் பின்னால், விரல் நுழைகிற தூரத்திலேயே இருக்கும். ஓ.எஸ். கம்பெனியின் எல்.ஏ. வரிசையில் அதை இன்ஜினின் பின்மூடிக்கே கொண்டுபோய்விட்டார்கள். இது நல்ல மாற்றம் என்று மனமாரச் சொல்வேன். உங்களுடையது முன்பக்க நீடிலாக இருந்தால், அதன் தலையில் ஒரு கம்பியைச் சேர்த்து வெளிப்பக்கம் நீட்டி, பின்னால் நின்றே திருகும்படி செய்யுங்கள். கிளிப்பையும் அப்படித்தான், நீளமான ஒயர் வைத்துப் பின்பக்கமாகவே கழற்றும்படி வையுங்கள். என் தையல் ஏழும் இந்த ஒரு ஒயரில் மிச்சமாகியிருக்கும்.

ப்ராப் 9x5 அல்லது 9x6 போதும் (முதல் எண் விட்டம், அடுத்தது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில்). எண் அச்சடித்த முகம் விமானத்தின் முன்பக்கம் பார்க்க வேண்டும். புதியவர்களில் பலர் இதைத் திருப்பித்தான் மாட்டுகிறார்கள். பேலன்ஸ் பார்த்து, கனமான பக்கத்தை உப்புத்தாளால் தேயுங்கள். நுனியில் ஒரு கீறல், ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தாலும் அந்த ப்ராப்பை உடைத்தே குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் என்றைக்காவது யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். இன்ஜின் சட்டென்று எதிர்த்திசையில் உதைத்தால் நட்டு கழன்று ப்ராப் பறக்கும். அதனால் ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு லாக் நட்டு போடுங்கள்.

எரிபொருள் மெத்தனாலும் எண்ணெயும் கலந்தது. சிலவற்றில் நைட்ரோமீத்தேனும் இருக்கும். பெட்ரோல் ஊற்றினால் இது ஓடாது. கிராங்க் கேஸுக்குள் தனியாக ஆயில் கிடையாது. பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கு 2டி ஆயில் கலந்த மாதிரி எரிபொருளில் இருக்கும் எண்ணெய்தான் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. 20 சதவீதம் எண்ணெய் இருக்கும் ரெடிமேட் எரிபொருளை ஹாபி கடையில் வாங்குங்கள், வீட்டில் கலக்க வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது இதே மெத்தனால்தான். குடித்தால் மட்டும் அல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும், கண் பார்வையையும் பறிக்கும். தண்ணீர் பாட்டிலில், ஜூஸ் பாட்டிலில் இதை ஒரு நிமிடம்கூட ஊற்றி வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே, ‘விஷம்’ என்று பெரிதாகத் தமிழில் எழுதிப் பூட்டி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். மெத்தனால் தண்ணீரில் கரைவதால் சின்னத் தீயைத் தண்ணீரே அணைத்துவிடும்.

இனி ஓட்டும் நாள். மணலும் சரளைக்கல்லும் இல்லாத இடமாகப் பாருங்கள், ப்ராப் அவற்றை வாரி எறியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா, தொளதொளச் சட்டைக்கை, கழுத்து ஐடி கார்டு எல்லாம் தூரத்தில் இருக்கட்டும். குறிப்பாக ரிமோட்டின் கழுத்துப் பட்டை. குனியும்போது அது நேராக ப்ராப்பை நோக்கித்தான் தொங்கும். ஒரு பெரியவர் பின்னாலிருந்து விமானத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பையனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: ரிமோட்டோடு பின்பக்கம் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, நீங்கள் ‘கட்’ என்றதும் த்ராட்டிலை மூடுவது அவன் பொறுப்பு. யாரும் ப்ராப்புக்கு நேர் முன்னாலோ அது சுற்றும் தளத்துக்குப் பக்கவாட்டிலோ நிற்கக் கூடாது. உடைந்த துண்டு அந்தப் பக்கவாட்டில்தான் பாயும்.

நீடிலை இரண்டரைச் சுற்று திறந்து, த்ராட்டிலைக் கால் பாகம் வையுங்கள். கிளிப் மாட்டாமல், கார்புரேட்டர் வாயை விரலால் மூடி ப்ராப்பை இரண்டு சுற்று சுற்றினால் குழாயில் எரிபொருள் ஏறிவருவது தெரியும். அதோடு நிறுத்துங்கள். கிளிப்பை மாட்டிய பிறகு விரலால் தட்டாதீர்கள், ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டுங்கள். ப்ராப் கையில் பாறைபோல இறுகினால் உள்ளே எரிபொருள் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்தால் ராடு வளையும். கிளிப்பையும் பிளக்கையும் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, சுற்றி வெளியேற்றுங்கள். சூடான இன்ஜின் கிளிப் இல்லாமலும் ஒரு தட்டில் பிடித்துக்கொள்ளும், இதை மறக்காதீர்கள்.

பிடித்ததா? எழுந்திருங்கள். இறக்கை நுனியைச் சுற்றி நடந்து பின்னால் வாருங்கள். பிறகுதான் கிளிப், பிறகுதான் நீடில். முதல் சில டேங்குகள் எரிபொருள் கூடுதலாகவே ஓடட்டும், புகை நன்றாக வர வேண்டும். நீடிலை மூட மூட ஓசை ஏறும். உச்சத்தைத் தொட்டதும் இரண்டு மூன்று கிளிக் திரும்பத் திறந்துவிடுங்கள். உச்சத்திலேயே விட்டால் மேலே போனதும் எண்ணெய் போதாமல் சூடேறி நின்றுவிடும்.

முடித்ததும் டேங்க்கைக் காலி செய்து, மிச்சத்தை ஓட்டியே எரித்துவிடுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் பேரிங்கைத் தின்றுவிடும். ஆறிய பிறகு கார்புரேட்டர் வழியாகவும் பிளக் ஓட்டை வழியாகவும் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுங்கள். இன்ஜின் உடலில் பொறித்திருக்கும் பெயரையும் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். அதற்கு எந்த பிளக் ஏற்றது என்று பார்த்துச் சொல்கிறேன்.