ஐந்து நிமிடம்கூட ஆகாது என்கிறீர்களா? நகரப் பேருந்து கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எங்கள் தெருவுக்குள் பஸ்ஸை விடச் சொல்லுங்கள்’ என்ற ரகம். அவற்றுக்கெல்லாம் சேர்த்து நடுவில் ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டு லட்சம் பேர் வாழும் ஊர்களை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதிலும். பெருநகரக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

எங்கள் தடத்தில் மணிக்கு நான்கு பஸ் என்று அட்டவணை சொல்கிறது. அரை மணி நின்றால் இரண்டு சேர்ந்தாற்போல் வருகின்றன. ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா?

இல்லை. முன்னால் போகும் வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் பெருகிவிடும். ஏற்றி இறக்க நேரமாகும், இன்னும் பிந்தும். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இருக்காது. அது விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால் சராசரியாக நீங்கள் காத்திருப்பது ஏழெட்டு நிமிடம். அதே நான்கும் இரட்டை இரட்டையாக வந்தால் பதினைந்து நிமிடம். ஓடும் வண்டி அதேதான், செலவும் அதேதான், உங்களுக்குக் கிடைக்கும் சேவை மட்டும் பாதியாகிவிட்டது. வழியில் இரண்டு மூன்று இடங்களில் கடிகாரம் பார்த்து நிறுத்தி அனுப்ப வேண்டும். கடைசி நிறுத்தத்தில் போதுமான நிற்கும் நேரம் வேண்டும். அந்த நிற்கும் நேரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. இதைக் கீழேயும் சொல்லப்போகிறேன்.

பஸ் நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருக்கலாமா, தாண்டியா?

தாண்டி. முன்னால் வைத்தால் ஆள் ஏற்றுவதற்குள் பச்சை போய்விடும். ஏற்றி முடித்துச் சிவப்பில் இன்னொரு முறை நிற்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் போக்குவரத்து மிக மோசம். ஏதாவது வழி சொல்லுங்கள்.

எந்தத் தடம்? எந்த நிறுத்தம்? காலையா, மாலையா? ஒன்றும் எழுதவில்லை. இப்படி எழுதினால் நானும் உதவ முடியாது, அதிகாரியும் உதவ மாட்டார். ஒரே நிறுத்தத்தில், ஒரே நேரத்தில், ஐந்து நாள் நின்று எந்த வண்டி எப்போது வந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். ‘மோசம்’ என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘செவ்வாய்க்கிழமை 8.10 வண்டி 8.31-க்கு வந்தது, புதன்கிழமை வரவே இல்லை’ என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கடிகாரம் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டால் எல்லோரும் பஸ்ஸுக்கு வந்துவிடுவார்கள் அல்லவா?

வருவார்கள், வண்டி இருந்தால். பிரான்சின் டன்கிர்க் 2018 செப்டம்பரில் கட்டணத்தை நீக்கியது. பயணிகள் வெகுவாகக் கூடினார்கள் என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே சமயத்தில் அங்கே தடங்களைத் திருத்தி அமைத்து, முக்கியத் தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டதை விட்டுவிடுகிறார்கள். அங்கே கட்டண வருமானம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் இருந்தது. இழப்பைத் தாங்க முடிந்தது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் 1997-இல் இலவசமாக்கி, செலவு ஏறிக்கொண்டே போனதால் 2013-இல் திரும்பவும் கட்டணம் வைத்தது.

உங்கள் ஊரில் கட்டணம் செலவில் பாதியை ஈடுகட்டுகிறது என்றால், அந்தப் பாதியை யார் தருவார்கள், எத்தனை வருடத்துக்குத் தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லாமல் இலவசமாக்கினால் அடுத்த வருடம் வண்டியைக் குறைப்பார்கள். ஒரு மணிக்கு ஒன்று வரும் இலவச பஸ்ஸால் வேலைக்குப் போகிறவருக்குப் பயனில்லை.

எங்கள் குடியிருப்பு பிரதான சாலையிலிருந்து 350 மீட்டர் உள்ளே இருக்கிறது. பஸ் உள்ளே வந்து திரும்பிப் போனால் என்ன? ஐந்து நிமிடம்கூட ஆகாதே. (மருத்துவமனை வாசல், கல்லூரி வாசல், புது வணிக வளாகம் என்று இதே கேள்வி பல கடிதங்களில்.)

‘ஐந்து நிமிடம்கூட ஆகாது.’ சிறு நகரங்களின் பஸ் சேவையைக் கெடுத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். அட்டவணை போடும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு தடம். முனையிலிருந்து முனைக்கு 25 நிமிடம். இரண்டு முனையிலும் ஐந்தைந்து நிமிடம் நிற்கும். ஒரு வண்டி போய்த் திரும்பி மறுபடி கிளம்ப ஆகும் சுற்று நேரம் 60. இரண்டு வண்டி போட்டால் அரை மணிக்கு ஒன்று. 8.10, 8.40, 9.10, 9.40 என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். இப்போது உங்கள் திருப்பத்தைச் சேர்ப்போம். போகும்போது நான்கு நிமிடம், வரும்போது நான்கு நிமிடம். சுற்று நேரம் 68.

இனி மூன்று வழிகள்தான். மூன்றாவது வண்டியும் அதற்கு ஓட்டுநரும் போடலாம்; செலவு ஒன்றரை மடங்கு. அல்லது 34 நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றலாம், 8.10, 8.44, 9.18 என்று ஓடும் வண்டி யாருடைய நினைவிலும் நிற்காது, மற்ற தடங்களோடும் சேராது. மூன்றாவது வழிதான் பெரும்பாலும் நடக்கிறது. முனையில் நிற்கும் பத்து நிமிடத்திலிருந்து எட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். மீதி இரண்டு. ஓட்டுநர் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. காலை எட்டு மணிக்குப் பிந்திய வண்டி இரவு எட்டு வரை பிந்தியே ஓடும். நிற்கும் நேரம் சோம்பல் நேரம் அல்ல, பிந்தியதைச் சரிசெய்துகொள்ளும் நேரம்.

பயணிகள் பக்கமும் பாருங்கள். வண்டிக்குள் 30 பேர், ஆளுக்கு நான்கு நிமிடம் போனால் 120 நிமிடம். உங்கள் வாசலில் ஏறுவது ஐந்து பேர் என்றால், அவர்களுக்கு மிச்சமாகும் நடை மொத்தம் 25 நிமிடத்தைத் தாண்டாது.

நான் வேலை பார்த்த ஊரில் நேராக ஓடிய ஒரு தடம் பதினைந்து வருடத்தில் நான்கு திருப்பங்களை வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு, ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம். 25 நிமிடத் தடம் 40 நிமிடத்தைத் தாண்டிவிட்டது. சைக்கிளில் கிளம்புகிறவர் முன்னால் போய்ச் சேர்ந்தார். ஆள் குறைந்தது, ட்ரிப்பைக் குறைத்தார்கள், அப்புறம் இன்னும் ஆள் குறைந்தது. முதல் மனுவைக் கொடுத்த தெருவுக்கு இன்று எந்த பஸ்ஸும் போவதில்லை. அந்த மனுவுக்கு ஒப்புதல் குறிப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

சரி, உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வது? பிரதான சாலை வரை நடக்கத் தகுந்த பாதையைக் கேளுங்கள். நிழல், விளக்கு, குழியில்லாத தளம், சாலையைக் கடக்க ஒரு நல்ல இடம். பஸ்ஸுக்கு 400 மீட்டர் வரை நடப்பதை உலகம் முழுக்கத் திட்டமிடுபவர்கள் பொதுவான அளவாக வைத்திருக்கிறார்கள். அந்த நடை நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மருத்துவமனை மட்டும் விதிவிலக்கு. அதையும் நடுவில் தொங்கவிடாமல் தடத்தின் முனையாக வையுங்கள். புதுக் கல்லூரிக்கும் வணிக வளாகத்துக்கும் இடம் பார்க்கும்போதே பஸ் போகும் சாலையில் பார்க்கச் சொல்லி அன்றே குரல் கொடுங்கள். கட்டி முடித்த பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.

இரண்டு பஸ் மாறிப் போகிறேன். இரண்டும் அரை மணிக்கு ஒன்று. முதல் பஸ் வந்து நிற்பதற்கு மூன்று நிமிடம் முன்னால் இரண்டாவது கிளம்பிவிடுகிறது. இதற்குத் தீர்வே இல்லையா?

இருக்கிறது, காசும் அதிகம் ஆகாது. எல்லாத் தடமும் ஒரே நேரத்தில் நடு நிலையத்துக்கு வந்து, ஐந்து நிமிடம் சேர்ந்து நின்று, சேர்ந்து கிளம்ப வேண்டும். சுவிட்சர்லாந்து 1982-இல் நாடு முழுக்க ரயில்களை மணிக்கொரு முறை, ஒரே நிமிடத்தில் கிளம்பும்படி அமைத்தது; பிறகு சந்திப்பு நிலையங்களில் ரயில்கள் ஒன்றையொன்று சந்திக்கும்படி பயண நேரங்களையே திருத்தியது. சிறு நகரத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் இதற்கு ஒவ்வொரு தடத்தின் சுற்று நேரமும் 30-க்குள்ளோ 60-க்குள்ளோ அடங்க வேண்டும். மேலே சொன்ன திருப்பம் ஒன்று வந்தாலே இந்தச் சந்திப்பு உடைந்துவிடும்.

பெரிய பஸ் காலியாக ஓடுகிறது. சின்ன வண்டி விட்டால் செலவு பாதியாகாதா?

ஆகாது. ஓட்டுநர் சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். குறைவது எரிபொருளும் டயரும். மேலும் நீங்கள் பார்த்தது பகல் இரண்டு மணி. காலை எட்டரைக்கு அதே வண்டியில் ஏறிப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். குறுகிய சாலை என்றால் மட்டும் சின்ன வண்டி சரி.

என் அம்மாவுக்கு 74 வயது. பாதி சாலை கடப்பதற்குள் நடப்பவர் சிக்னல் சிவப்பாகிவிடுகிறது. குறை அவர் நடையிலா?

அவர் நடையில் ஒரு குறையும் இல்லை. சிக்னலுக்கு நேரம் வைக்கும் பழைய கணக்கு நொடிக்கு 1.2 மீட்டர் நடை. 14 மீட்டர் சாலைக்குப் பன்னிரண்டு நொடி வரும். முதியவர்கள் பலர் நொடிக்கு 0.9 மீட்டர் அளவில்தான் நடப்பார்கள்; அவர்களுக்குப் பதினாறு நொடி வேண்டும். நான்கு நொடிதான் வித்தியாசம், சிக்னல் பெட்டிக்குள் ஓர் அமைப்பை மாற்றினால் முடிந்தது. சாலையின் அகலத்தை அளந்து, நொடியை எண்ணி, இரண்டையும் எழுதிக் கொடுங்கள். நடுவில் நின்று இளைப்பாற ஒரு திட்டும் கேளுங்கள்.

கடைத்தெருவில் நெரிசல். சாலையை அகலப்படுத்தினால் தீருமா?

கொஞ்ச நாள் தீரும், பிறகு புது வண்டிகள் வந்து நிரப்பிவிடும். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் 1977-இல் எதிர்வழியில் போனது. நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேராகப் போக முடியாதபடி செய்தது. வெளிவட்டச் சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தடையில்லை. ஊடே போகும் வண்டி மையத்தை விட்டு விலகிவிட்டது. உங்கள் கடைத்தெருவில் போகும் வண்டிகளில் எத்தனை அங்கே நிற்கின்றன, எத்தனை சும்மா கடந்து போகின்றன என்று ஒரு மணி நேரம் எண்ணுங்கள்.

குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகம் போதும் என்கிறார்கள். 50-க்கும் 30-க்கும் பெரிய வித்தியாசமா?

பெரிய வித்தியாசம். குழந்தை ஓடி வருவதைப் பார்த்து 30-இல் வருகிறவர் பதின்மூன்று பதினான்கு மீட்டரில் வண்டியை நிறுத்திவிடுவார். 50-இல் வருகிறவருக்கு அந்த இடத்தில் கால் அப்போதுதான் பிரேக்குக்குப் போயிருக்கும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே பிரதான சாலைகள் தவிர எல்லாவற்றுக்கும் 30 என்று வைத்துவிட்டது.

இரவு 10 மணி பஸ்ஸில் நான்கு பேர்தான் போகிறோம். நிறுத்தப்போவதாகப் பேச்சு. நியாயமா?

இல்லை. 10 மணி வண்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் 9 மணி வண்டியை நம்பிக் கிளம்புகிறார்கள். அதை எடுத்தால் அடுத்து 9 மணி வண்டி காலியாகும், அதையும் எடுப்பார்கள். கடைசி வண்டியை அதில் ஏறியவர்களை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. மாலையில் பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் திரும்புகிற எல்லோரையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

நிறுத்தங்களில் அட்டவணை ஒட்ட எங்கள் சங்கம் தயாராக இருக்கிறது. என்ன எழுதலாம்?

அந்த நிறுத்தத்துக்கு வண்டி வரும் நேரத்தை எழுதுங்கள். முனையில் கிளம்பும் நேரம் அங்கே நிற்பவருக்கு உதவாது. பெரிய எழுத்து, கண் உயரம். அட்டவணை மாறும் அன்றே பழைய தாளைக் கிழித்துவிட ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.