எந்த ஈயோடு ஒப்பிட்டார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு நொதியைக் கூட்டினால் பழ ஈயின் ஆயுள் மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது என்று படித்தேன். என் தாயாருக்கு 81 வயது. அந்த நொதியின் பெயரில் விற்கும் மாத்திரையை அவருக்கு வாங்கித் தரலாமா? ஓர் அற்பப் பூச்சியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா?

ச.

அன்புள்ள ச.,

தாயாரின் வயதை நீங்கள் எழுதியிருந்த வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். மாத்திரை வேண்டாம், நொதி என்பது புரதம், விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துவிடும். அற்பப் பூச்சி என்று இனி எழுதாதீர்கள். உணவின் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வரை கைமாற்றிச் செல்லும் அதே நான்கு நொதித் தொகுதிகள்தாம் அதன் உடலிலும் இருக்கின்றன.

நீங்கள் படித்தது 1994இல் வில்லியம் ஓர், ராஜிந்தர் சோஹல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். அவர்கள் கூட்டியவை செம்பும் துத்தநாகமும் கொண்ட சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸும் கேட்டலேஸும், செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் கழிவுகளை முறிக்கும் நொதிகள். இரண்டுமே பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே வேலை செய்பவை. இதைக்கூடச் சரிபார்க்காமல் தாயாருக்கு மருந்து வாங்கக் கிளம்பலாமா? அதே ஆய்வாளர்கள் 2003இல், இயல்பாகவே நெடுநாள் வாழும் ஈக்களில், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் மாங்கனீசு வகை நொதியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள், ஆயுள் நீளவில்லை. அந்த மாங்கனீசு நொதி அறவே இல்லாத ஈயோ கூட்டிலிருந்து வெளிவந்த ஓரிரு நாளில் செத்துவிடுகிறது. இல்லாவிட்டால் சாவு என்பதால், கூடினால் நீண்ட ஆயுள் என்று ஆகிவிடாது. மேலே சொன்ன நொதித் தொகுதிகளாலான எலக்ட்ரான் சங்கிலியின் சில மரபணுக்களை அடக்கியபோது ஈக்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததாக 2009இல் வந்த ஆய்வை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆகவே நான் விடாமல் கேட்கும் கேள்வி, எந்த ஈயோடு ஒப்பிட்டார்கள் என்பதே. நொதியைக் கூட்டாமல் ஒப்பிட வைத்திருக்கும் ஒப்பீட்டு ஈக்களே நோஞ்சானாக இருந்தால், அவற்றின் குறையை ஈடுகட்டும் எதுவும் ஆயுளை நீட்டியதாகவே தோன்றும்.

இளவயதில் ஓர் ஆய்வகத்தில் ஈ எண்ணும் வேலை பார்த்தேன். இரண்டு நாளுக்கொரு முறை ஈக்களைப் புதுக் குப்பிக்குத் தட்டி மாற்றி, பழைய குப்பியில் கிடக்கும் பிணங்களைத் தூரிகையால் ஒதுக்கி எண்ண வேண்டும். நொதியைக் கூட்டிய ஈக்கள் ஒப்பீட்டு ஈக்களைவிட நெடுநாள் வாழ்வதைக் கண்டு ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். பிறகுதான் ஒருநாள் ஒப்பீட்டுக் குப்பியில், இளகிய உணவில் சிறகு ஒட்டிக்கொள்ள, பின்கால்களை மட்டும் உதைத்துக்கொண்டிருந்த ஓர் ஈயைப் பார்த்தேன். அந்த வரிசைக்கு நான் ஊற்றிய உணவு சரியாக இறுகியிருக்கவில்லை. ஒட்டிச் செத்தவற்றையெல்லாம் மூப்பினால் செத்ததாக என் கையாலேயே எழுதியிருந்தேன்.

நீங்கள் படித்த செய்தியில் ஒப்பீட்டு ஈக்கள் எத்தனை நாள் வாழ்ந்தன என்று இருந்ததா? 25 டிகிரி வெப்பத்தில் நன்கு பேணிய ஈ இரண்டு மாதம் தாண்டும். அந்த எண்ணைத் தேடி எழுதுங்கள். தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.