பொண்ணு வனவிலங்கு ஆராய்ச்சிக்குப் போறேன்னு சொல்றா, விடலாமா?

வணக்கம்மா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். விலங்குங்களுக்கு எப்படி வயசாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா, இதப் படிச்சா சோறு போடுமா, காட்டுல தனியா அலையணுமான்னு கேட்டிருக்கீங்க. பயம் நியாயம்தான், ஆனா நீங்க பயப்பட வேண்டிய இடம் காடு இல்ல.

மொதல்ல இந்த வேலை என்னன்னு சொல்லிடறேன். பெரிய எலிக்காது வௌவால்னு ஒன்னு இருக்கு, பிரான்ஸ்ல எம்மா டீலிங்னு ஒரு விஞ்ஞானியோட டீம் வருஷா வருஷம் அதே வௌவால்களப் பிடிச்சு, இறக்கைத் தோல்ல பொட்டு அளவு சாம்பிள் எடுத்துட்டுப் பறக்க விட்டுடுவாங்க, அந்த ஓட்டை தானா மூடிக்கும். அந்தத் துணுக்குல டிஎன்ஏவோட நுனியில இருக்குற டீலோமியர அளக்குறாங்க. நமக்கு வயசாக ஆக அது குறையும், இந்த வௌவாலுக்கு அப்படிக் குறையலன்னு 2018ல பேப்பர் போட்டாங்க. வௌவால் கூட்டத்துல பிராண்ட் வௌவால்னு ஒன்னு, எடை வெறும் 7 கிராம் கிட்ட, சைபீரியால 41 வருஷம் வாழ்ந்திருக்கு, அவ்ளோ சின்ன உடம்புக்கு இது எப்படி முடியுதுங்குறதுதான் உங்க பொண்ணத் தூங்க விடாத கேள்வி, என்னைக் கேட்டா ரொம்ப நல்ல கேள்வி.

எக்காலஜியும், அதாவது விலங்கு வாழுற சூழல பத்தின படிப்பும், இதுல கலந்துதான் இருக்கு. ஸ்டீவன் ஆஸ்டட்னு ஒருத்தர், அமெரிக்கால சப்பேலோங்குற தீவுல இருக்குற ஒப்போசம்களயும் (குட்டிய வயித்துப் பையில வச்சு வளக்குற சின்ன விலங்கு) நிலப்பகுதி ஒப்போசம்களயும் ஒப்பிட்டுப் பாத்தார், வேட்டை மிருகம் தொல்லை இல்லாத தீவுல அதுங்களுக்கு மெதுவா வயசாகுதுன்னு 1993ல எழுதினார். ஆபத்து கம்மியான இடத்துல பல தலைமுறை வாழ்ந்தா முதுமையோட வேகமே மாறலாம்னு அதுல இருந்து புரியுது. மருத்துவ உலகமே இப்ப முதுமைய பத்திதான் பேசுது, அதுனால இது யாருக்கும் வேண்டாத படிப்பு இல்லம்மா.

ஆனா ஒன்னு நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. இதுல காட்டு வேலை வருஷத்துல சில வாரமோ சில மாசமோதான், அதுவும் டீமோடதான் போவாங்க, மீதி நாளெல்லாம் லேப், அதவிட அதிகமா கம்ப்யூட்டர். அமெரிக்காவோட ராக்கி மலையில மார்மட்டுங்கள, அதாவது அணில் இனத்துப் பெரிய விலங்குங்கள, 1962ல இருந்து கவனிச்சிட்டு வர்றாங்க, அவ்ளோ வருஷ டேட்டாவ வச்சு கணக்குப் போடத் தெரியலன்னா ஜெனெடிக்ஸ் மட்டும் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல. அதனால டிகிரி உயிரியலோ விலங்கியலோ பயோடெக்கோ எதுவா இருந்தாலும் பரவால்ல, கூடவே ஸ்டாடிஸ்டிக்ஸும் ஆர் இல்லன்னா பைதான்ங்குற கம்ப்யூட்டர் மொழியும் கண்டிப்பா வேணும். கால்நடை மருத்துவம் படிச்சிட்டு இந்தப் பக்கம் வர்றவங்களும் இருக்காங்க, கையில ஒரு தொழில் இருக்கட்டும்னு நினைச்சா அது நல்ல வழி.

நிஜமான கஷ்டம் பிஎச்டி முடிச்ச பிறகுதான். போஸ்ட்டாக்னு தற்காலிக ஆராய்ச்சி வேலையில ரெண்டு வருஷம் இங்க, மூணு வருஷம் அங்கன்னு கான்ட்ராக்ட்லயே ஓடும், பேராசிரியர் வேலைக்குப் போட்டி கடுமை, எல்லாருக்கும் கிடைக்காது, இத மறைச்சு நான் உங்களுக்கு தைரியம் சொல்ல மாட்டேன். ஆனா டிஎன்ஏ டேட்டாவ கையாளத் தெரிஞ்சவங்கள மருந்து கம்பெனி, மருத்துவ ஜெனெடிக்ஸ் லேப், விவசாய ஆராய்ச்சின்னு பல இடத்துல எடுக்குறாங்க, பேராசிரியர் ஆகலன்னா வாழ்க்கையே போச்சுன்னு இல்ல.

இப்போதைக்கு அவகிட்ட அன்ஏஜ்ங்குற டேட்டாபேஸ இறக்கச் சொல்லுங்க, ஃப்ரீதான், 4,000க்கும் மேல விலங்குகளோட ஆயுசு அதுல இருக்கு. உடம்பு எடையையும் ஆயுசையும் வச்சு ஒரு கிராஃப் போட்டு, எடைக்குப் பொருந்தாம ரொம்ப நாள் வாழுறது எதெதுன்னு அவளே கண்டுபிடிக்கட்டும். வௌவால், மொட்டைத்தோல் எலி எல்லாம் தனியா நிக்கும். விடுபட்ட எண்ணு, தப்பான எண்ணு எல்லாத்தோடயும் மல்லுக்கட்டி ராத்திரி வரைக்கும் உக்காந்தான்னா தாராளமா விடுங்கம்மா. வௌவால் போட்டோ மட்டும் பாத்துட்டு லேப்டாப்ப மூடிட்டான்னா, திட்டாம இன்னொரு தடவை என்கிட்ட கூட்டிட்டு வாங்க, அவளுக்கு விலங்கு புடிச்சிருக்கா ஆராய்ச்சி புடிச்சிருக்கான்னு பேசிப் பாப்போம். அப்புறம் பின்னாடி பிஎச்டிக்கு எங்க சீட் கிடைச்சாலும், ஸ்டைபண்ட், அதாவது மாசாமாசம் வர்ற உதவித்தொகை, இல்லாத சீட்டுன்னா மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க.