நகம் வளர்ந்துவிடும், கடன் தீருமா?

கேள்வி: பதினோரு வருடமாகப் பாதப் பராமரிப்பு நிலையம் நடத்துகிறேன். நான் ஒருத்திதான், நாற்காலியும் ஒன்றுதான். அடிபட்டோ அறுவை சிகிச்சையாலோ கால் நகத்தை இழந்தவர்கள், "செருப்புப் போடவே கூச்சமா இருக்கு, ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்கிறார்கள். ஜெல்லில் செயற்கை நகம் அமைக்கும் பயிற்சி, ஜெல்லை இறுக வைக்கும் விளக்கு, முழு செட் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். இதற்காக மூன்று வருடக் கடன் வாங்கலாமா, சேமிப்பை எடுக்கலாமா? பெடிக்யூர் விலைக்கு மேல் கொஞ்சம் வைத்தால் போதும் என்கிறார் கணவர். ஒரு நாள் பயிற்சியில் கற்று என் தோழிக்குப் போட்டுவிட்ட நகம் பத்தாம் நாளே கழன்றுவிட்டது. வாடிக்கையாளருக்கு அப்படி ஆனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: கடன் வேண்டாம். தொழிலைத் தொடங்குங்கள், ஆனால் அந்தத் தொகுப்பை வாங்காமல்.

ஏன் என்பதற்கு உங்கள் வாடிக்கையாளரின் கால் விரலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும். கால் நகம் அதில் பாதிதான், 1.5 மி.மீ. அளவில். பெருவிரல் நகம் முழுதாகப் போனால் திரும்பி வர 12 முதல் 18 மாதம் ஆகும். (மேசைக்காலில் இடித்துக்கொண்டு எனக்கும் ஒருமுறை போயிற்று. பதினான்காம் மாதம்தான் பழைய விரல் மாதிரி இருந்தது.) அதாவது, அடிபட்டு வருகிற வாடிக்கையாளர் மாதம் ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் உங்களை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். நீங்கள் வாங்கப் போவதோ 36 மாதக் கடன். முதல் மாதம் வந்தவர்கள் எல்லாரும் சொந்த நகத்தோடு கிளம்பிய பிறகும் பாதித் தவணை பாக்கி இருக்கும்.

தொகுப்பு விற்பவர் வேறு கணக்குக் காட்டியிருப்பார். ஜெல் நகம் நான்கிலிருந்து ஆறு வாரம் தாங்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும், ஆகவே ஒருவர் ஒன்றரை வருடத்தில் பன்னிரண்டு தடவை வருவார் என்று. காகிதத்தில் சரிதான். நடைமுறையில் யாரும் அப்படி வருவதில்லை. திறந்த செருப்புப் போடும் காலத்தில் வருவார்கள், ஷூ போடும் காலத்தில் மறந்துவிடுவார்கள், சொந்த நகம் பாதி வந்ததும் 'இதுவே போதும்' என்று நின்றுவிடுவார்கள். ஒருவருக்கு நான்கு வருகை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வந்தால் லாபம்.

உள்வளர்ந்த நகத்துக்காக நகவேரையே அழித்துவிட்டவர்கள் இன்னொரு வகை. அந்த இடத்தில் நகம் திரும்ப வராது என்பதால் இவர்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள் என்று தோன்றும். ஆனால் இவர்கள் பெரும்பாலும் விசேஷ நாளுக்கு முன்தான் வருவார்கள். இந்த வருமானத்தை மாத வாடகை கட்ட நம்பாதீர்கள்.

இப்போது விலை. நீங்கள் எந்தப் பணத்தில் சம்பாதித்தாலும் கணக்கு ஒன்றுதான். வழக்கமான வேலையில் உங்கள் நாற்காலி ஒரு மணி நேரத்தில், பொருள் செலவு போக, 100 ஈட்டுகிறது என்று வைப்போம். முதல்முறை நகம் அமைக்க, விரலைப் பார்ப்பது, படம் எடுத்து வைப்பது, ராவுவது, அடுக்கடுக்காக ஜெல் வைத்து விளக்கில் காட்டுவது, கருவிகளைச் சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அது 150. பொருளுக்கு 15. ஐந்தில் ஒன்று சீக்கிரம் கழன்று, ஒரு மணி நேரம் செலவழித்து இலவசமாகத் திரும்பப் போடுவீர்கள் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 20. மொத்தம் 185. ஆகவே 200-க்குக் குறைந்து பேசாதீர்கள். கணவர் சொல்வதுபோல் கொஞ்சம் மட்டும் கூட்டி 120 வாங்கினால், ஒவ்வொரு விரலுக்கும் 65 உங்கள் கையிலிருந்து போகும். அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

புதுப்பிக்க முக்கால் மணி நேரம், விலை 100, பொருள் 10. நான்கு வருகையில் ஒருவரிடமிருந்து நிற்பது முதல்முறை 165-ம் (200-ல் பொருளுக்கு 15, இலவச வேலைக்கு 20 போக) மூன்று 90-ம், ஆக 435. ஆன நேரம் மூணே முக்கால் மணி. தொகுப்பின் விலை 3,600 என்றால், ஒன்பது பேர் வந்தாலே முதல் திரும்பிவிடும் போலிருக்கிறது, இல்லையா? உங்கள் நாற்காலி அந்த நேரத்தில் காலியாகக் கிடந்தால் ஆமாம். ஏற்கெனவே நிரம்பி ஓடும் நாற்காலி என்றால், அதே மூணே முக்கால் மணியில் வழக்கமான வேலை 375 தந்திருக்கும். புதிய வேலையால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 60. அப்போது ஒன்பது பேர் போதாது, அறுபது பேர் வேண்டும். நகம் இல்லாத அறுபது பேரை எங்கே போய்த் தேடுவீர்கள்? கடந்த மூன்று மாத அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் ஈயோட்டினீர்கள் என்று குறியுங்கள். புது வேலையை அந்த நேரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

கழன்றுபோவதைப் பற்றி. ஜெல் நகத்தின் மேல் ஒட்டுவதுபோல் வெறும் தோலின் மேல் ஒட்டாது. அடியில் கொஞ்சமாவது சொந்த நகம் மிச்சம் இருந்தால் பிடித்து நிற்கும். மொட்டை விரலில் சீக்கிரம் பெயரும். உங்கள் தோழிக்கு எவ்வளவு நகம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே உத்தரவாதம் தராதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது நகம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் கழன்றதை இலவசமாகத் திரும்பப் போடுவீர்கள், அதற்கும் குறைவென்றால் உத்தரவாதம் இல்லை, எதிலும் பணம் திரும்பாது. இதை ஒரு தாளில் எழுதி, வேலையைத் தொடங்குமுன் கையெழுத்து வாங்குங்கள். கழன்ற பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

சிலருக்கு இதைச் செய்யவே கூடாது: புண் ஆறாதவர்கள், பூஞ்சையோ சீழோ இருப்பவர்கள், நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள். மேலே மூடிவிட்டால் உள்ளே ஈரம் தங்கும், நடப்பது வெளியே தெரியாது, மரத்த பாதத்துக்கு வலியும் சொல்லத் தெரியாது. மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். திருப்பி அனுப்புவதற்கும் இருபது நிமிடம் ஆகிறதே, அதனால் பார்வைக் கட்டணம் தனியாக வாங்குங்கள். நகம் போட்டால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வியில் நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: உங்கள் கை. இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால், அதில் உள்ள அக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கும், பல்லில் அடைக்கும் சில பொருள்கள்கூடச் சேராமல் போகலாம். வாடிக்கையாளர் ஒருநாள் தொடுகிறார், நீங்கள் தினமும் தொடுகிறீர்கள். லேடக்ஸ் கையுறை வழியே இது சீக்கிரம் ஊடுருவும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை தேவலை, அதையும் ஜெல் பட்டதும் மாற்ற வேண்டும். ஒரே ஆள் நடத்தும் கடையில் கையில் கொப்புளம் என்றால் அன்றைக்கே ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அதனால்தான் சேமிப்பில் ஆறு மாத வீட்டுச் செலவைத் தொடாதீர்கள் என்கிறேன். காப்பீட்டு நிறுவனத்திடம், என் பாலிசி பெடிக்யூரோடு செயற்கை நகம் அமைப்பதையும் சேர்க்கிறதா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மிச்சமுள்ள சேமிப்பிலிருந்து முதலில் முறையான பயிற்சிக்குக் கட்டுங்கள். ஒரு நாள் பயிற்சி போதாது. ஜெல்லை மிகச் சிறிய டப்பாவில் வாங்குங்கள். பெருவிரலுக்கே ஒரு பட்டாணி அளவுகூடத் தேவைப்படாது. டப்பாவின் பின்புறம் மூடி திறந்த படத்துக்குள் 12 என்றோ 24 என்றோ இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம்தான் ஆயுள். தொகுப்பில் வரும் பெரிய டப்பாக்களில் பாதி அதற்குள் தீராது. விளக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், ஜெல் தயாரிப்பாளர் சொல்லும் விளக்கையே வாங்குங்கள். அலைநீளம் பொருந்தாத விளக்கில் மேல்பக்கம் கல்லாக இறுகி, உள்ளே பச்சையாகவே இருக்கும். அது சீக்கிரம் கழலவும் செய்யும், ஒவ்வாமையும் தரும். உங்கள் தோழிக்குப் போட்டது எந்த விளக்கு?