மிதக்கும் மூடி

வணக்கம் ஐயா,

பனிக்கு அடியில் இருக்கும் ஏரிகளை, செயற்கைக்கோள் எடுக்கும் உயர அளவுகளை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். லேசர் ஒளி பனியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஏரியோ கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில். மூடி போட்ட பாத்திரத்தை மேலிருந்து பார்த்து, உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? இது வெறும் ஊகம்தானே?

கோகிலா

அன்புள்ள கோகிலா,

ஒரு வரியில் கடந்து போகக்கூடிய விஷயம் இல்லை அது. உங்கள் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு திருத்தம்: மூடி விளிம்பில் உட்காரவில்லை, தண்ணீரின் மேலேயே மிதக்கிறது. தண்ணீர் குறைந்தால் மூடி இறங்கும், கூடினால் ஏறும். திறந்து பார்க்கத் தேவையே இல்லை. அண்டார்டிகாவில் அந்த மூடியின் கனம் சில இடங்களில் நாலு கிலோமீட்டர் வரை போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் கண்ணில் பட்டது ஏற்ற இறக்கம் அல்ல, சமதளம். பாறைமேல் உராய்ந்து நகரும் பனியின் மேற்பரப்பில் மேடும் பள்ளமும் இருக்கும். அதே பனி ஏரிக்கு மேல் வரும்போது உராய்வு இல்லாமல் மிதக்கிறது, மேற்பரப்பும் மட்டமாகிவிடுகிறது. 1991இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 செயற்கைக்கோளின் ரேடார் இப்படி ஒரு மாபெரும் சமதளத்தைக் காட்டியது. வோஸ்டோக் ஏரி அதற்கு அடியில்தான் கிடக்கிறது. நீளம் சுமார் 250 கிலோமீட்டர். 1957இலிருந்து அந்த இடத்தில் சோவியத் ஆய்வு நிலையம் இயங்கியது. விமான ரேடாரில் நீரின் அடையாளம் 1970களிலேயே கிடைத்திருந்தது. ஆனால் ஏரி எவ்வளவு பெரியது என்பதை விண்ணிலிருந்து எடுத்த உயர அளவுகள்தான் சொல்லின. மைனஸ் 89.2 டிகிரி வரை குளிர்ந்த ஓர் இடத்தில், காலடியில் உறையாத ஏரி! மேலே இருக்கும் பனியின் அழுத்தத்தால் உருகுநிலை குறைகிறது, பூமியின் சூடு கீழிருந்து வருகிறது, அந்தச் சூட்டைப் பனியே போர்வைபோல மூடிக் காக்கிறது.

சரி, ஊகமா என்ற கேள்விக்கு வருகிறேன். சமதளம் மட்டும்தான் சான்று என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. எனக்கு உறுதி தந்தது 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு. டங்கன் விங்ஹாம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஈஆர்எஸ்-1க்கு அடுத்து வந்த ஈஆர்எஸ்-2 செயற்கைக்கோளின் அளவுகளைப் பல மாதங்களுக்கு ஒப்பிட்டார்கள். கிழக்கு அண்டார்டிகாவில் ஓரிடத்தில் பனியின் மேற்பரப்பு 16 மாதங்களில் சுமார் 3 மீட்டர் இறங்கியது. அங்கிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தள்ளி, அதே காலத்தில், வேறு இரண்டு இடங்களில் மேற்பரப்பு உயர்ந்தது. இங்கே வடிந்த நீர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது! சுமார் 1.8 கன கிலோமீட்டர் நீர், யார் கண்ணிலும் படாமல். இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அதுவரை இந்த ஏரிகளைத் தேங்கிய குட்டைகளாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டே ஹெலன் ஃப்ரிக்கர் குழுவினர், ஐஸ்சாட் செயற்கைக்கோளின் லேசர் அளவுகளில் இப்படி ஏறி இறங்கும் திட்டுகளை மேற்கு அண்டார்டிகாவில் வரிசையாகக் கண்டார்கள். லேசர் போய்த் திரும்பும் நேரத்தில் ஒரு நானோ நொடி மாறினால் உயரத்தில் 15 சென்டிமீட்டர் வித்தியாசம். அவ்வளவு நுணுக்கமாக நேரத்தை அளப்பதால்தான் இது முடிகிறது.

உயரம் மாறினாலே ஏரி என்று முடிவு கட்டுவதில்லை. பனிப்பொழிவு, காற்று அள்ளிப்போகும் பனி, பனியோட்டத்தின் வேகம் எல்லாமே மேற்பரப்பை மாற்றும். அதனால் சுற்றுப்புறம் அசையாமல் இருக்க, ஒரு திட்டு மட்டும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அப்படியும் ஒரு புதிர் இருக்கிறது: இந்தத் திட்டுகள் சிலவற்றின் மேல் விமான ரேடாரைச் செலுத்திப் பார்த்தபோது, ஏரிக்கே உரிய பளிச்சென்ற எதிரொளிப்பு வரவில்லை.

கடைசியில் துளைபோட்டுத்தான் பார்த்தார்கள். ஃப்ரிக்கர் குழு கண்ட திட்டுகளில் ஒன்றான வில்லன்ஸ் ஏரிக்கு 2013 ஜனவரியில் வெந்நீரைப் பாய்ச்சி 800 மீட்டர் பனியைத் துளைத்து இறங்கினார்கள். நீர் இருந்தது. ஆழம் இரண்டு மீட்டர் சொச்சம்தான், ஆனால் அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன. மூடியை வைத்துச் சொன்னது சரி என்று தெரிந்தது. அப்புறம் 2025இல், ஐரோப்பாவின் கிரையோசாட்-2 செயற்கைக்கோள் பத்தாண்டுகளில் திரட்டிய அளவுகளிலிருந்து இன்னும் 85 ஏரிகள் தெரியவந்தன. அண்டார்டிகாவில் நிரம்பியும் வடிந்தும் வருபவை இப்போது 231.

இந்த நீர் கடல்வரைக்கும் பாதிப்பை உண்டாக்குகிறது. அண்டார்டிகாவின் பர்ட் பனியாற்றின் மேற்பகுதியில் இரண்டு ஏரிகள் வடிந்தபோது, அந்தப் பனியாறு சுமார் பத்து சதவீதம் வேகமெடுத்தது. கிரீன்லாந்தில் நடந்ததுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. 2014 கோடையில், பனிக்கடியில் இருந்த ஓர் ஏரி பத்தே நாட்களில் ஏறத்தாழ 9 கோடி கன மீட்டர் நீரைக் கொட்டியது. மேலே இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பில் 85 மீட்டர் ஆழப் பள்ளம் விழுந்ததை உயர வரைபடங்கள் காட்டின. அதோடு, நீர் அடியிலேயே ஓடிப் போய்விடவில்லை. பனியைக் கீழிருந்து பிளந்துகொண்டு மேலே வெடித்து வந்திருக்கிறது. அந்த இடத்தில் பனி பாறையோடு உறைந்து ஒட்டியிருக்கிறது என்றுதான் அதுவரை கணக்குப் போட்டிருந்தார்கள்.

அன்புடன்.