பட்டறைக்காரர் பதில்கள்

ஐயா, ஓசூரும் எங்கள் ஊரும் 2004 வரை ஒரே மாவட்டம்தானே? அங்கே லாரி, கைக்கடிகாரம், மின்சார ஸ்கூட்டர் என்று செய்கிறார்கள். இங்கே விலையில்லாமல் தக்காளியைச் சாலையில் கொட்டுகிறோம். நம் ஆட்களுக்கு மூளை குறைவா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

நான் 1983-இல் ஓசூரில் டர்னராக, அதாவது லேத் இயந்திரத்தில் உலோகம் கடைபவனாகச் சேர்ந்தபோது எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் தர்மபுரி, அரூர், பென்னாகரம் பையன்கள். மூளைக் கணக்கை இத்தோடு விடுங்கள்.

ஓசூருக்கு வாய்த்தது இடம். பெங்களூர் 40 கிலோமீட்டர். அங்கே அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1950களிலேயே இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. தொழில் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஓசூரில் 1970களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை, 1980-இல் அசோக் லேலண்ட், பின்னர் டைட்டன். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தெரியாததைச் சொல்கிறேன். ஒருமுறை மெல்லிய பித்தளை புஷ், அதாவது தண்டைச் சுற்றிப் பொருந்தும் குழாய்த் துண்டு, கடைந்தேன். லேத்தில் இருக்கும்வரை துளை வட்டமாக இருக்கும், கழற்றினால் கோணிக்கொள்ளும். ஒரு கூடைச் சரக்கு வீண். ஃபோர்மேன் என் பரம்பரையையே விசாரித்தார். மாலையில் டீக்கடையில் புலம்பியபோது, வேறு கம்பெனி ஃபிட்டர் ஒருவர், "தம்பி, லேத்தின் பிடியை அவ்வளவு இறுக்கினால் புஷ் பிதுங்காதா? சாஃப்ட் ஜா போட்டுப் பிடி" என்றார். சாஃப்ட் ஜா என்றால் சாமானின் வளைவுக்கே கடைந்துகொள்ளும் மென்மையான பிடிதாடை. மறுநாள் ஒன்றுகூட வீணாகவில்லை. அந்த டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்; ஓசூரில் அன்று பொறியியல் கல்லூரிக் கட்டணம் அவ்வளவுதான்.

என் மச்சான் என்னைவிடக் கெட்டிக்காரன். 1994-இல் தர்மபுரியில் லேத் போட்டான். கடைந்த சாமானைச் சூடாக்கிக் கடினப்படுத்தச் சேலத்துக்குப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். டிரில் உடைந்தால் அரை நாள் போச்சு. சந்தேகம் கேட்கப் பக்கத்துப் பட்டறையே இல்லை. இரண்டே வருடத்தில் போர்வெல் மோட்டார் பழுது பார்க்கப் போய்விட்டான்.

பெங்களூர் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும் என்றும் இல்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் நெருக்கமாக இருக்கின்றன. கொதிகலன் பழுதானால் ஆள் உண்டு, டின்னுக்கு ஆள் உண்டு, பெங்களூரா ரக மாங்காயின் பக்குவம் பார்த்தே சொல்ல ஆள் உண்டு. பருவம் முடிந்தபின் பல ஆலைகள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. உங்கள் தக்காளியை அங்கே கொண்டுபோய் யாராவது பேசிப் பார்த்தார்களா?

தர்மபுரியில் பெரிய தொழிற்பேட்டை வந்தால் எல்லாம் மாறிவிடுமா?
– இன்னொரு வாசகர், அரூர்

மனை விலை மாறும், அறிவிப்பு வந்த அன்றே. மற்றதற்கு, பேட்டை வாசலில் லேத் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். டீக்கடைக்கும் சேர்த்து.