மேக் மில்லர் ஜோசியம் சொல்லவில்லை

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ராப் பாடகர் மேக் மில்லர் இறந்த பிறகு வெளிவந்த ‘சர்க்கிள்ஸ்’ ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன செமஸ்டரில் மனம் ரொம்பச் சோர்ந்திருந்தபோது அதுதான் துணை. என் அறைத்தோழன், “செத்தவன் குரலை வைத்துக் காசு பார்க்கிறார்கள், கேட்பதே தப்பு” என்கிறான். கேட்கலாமா? இன்னொன்று. ‘செல்ஃப் கேர்’ வீடியோவில் வரும் சவப்பெட்டி, ‘குட் நியூஸ்’ பாட்டில் மறுபக்கத்தைப் பற்றிய வரி எல்லாம் சாவு அவருக்கு முன்பே தெரிந்திருந்ததைத்தான் காட்டுகின்றன. நினைத்தாலே புல்லரிக்கிறது. ராப் இலக்கியமாகுமா என்றும் சொல்லுங்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ராப் இலக்கியமா என்ற விவாதத்துக்குள் நான் வரவில்லை. பாட்டு உங்களைப் பிடித்துக்கொண்டுவிட்டது, அப்புறம் எதற்கு அதற்கு ஒரு சான்றிதழ்?

உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1997-ல் சுட்டுக்கொல்லப்பட்ட ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் பெயரில் 2005-ல் ‘டூயட்ஸ்’ என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். அதில் ஒரு பாட்டில் அவரை ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியோடு சேர்த்துப் பாடவைத்தார்கள். மார்லி 1981-ல் இறந்தபோது நொட்டோரியஸுக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. யாரோடு பாடுவது, யாரோடு பாடமாட்டேன் என்று சொல்ல இருவருமே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

‘சர்க்கிள்ஸ்’ அந்த வகை அல்ல. 2018 ஆகஸ்ட் 3-ல் ‘ஸ்விம்மிங்’ வந்தபோதே அதற்கு ஜோடியாக இதை மேக் மில்லர் உருவாக்கிக்கொண்டிருந்தார். கூடவே இருந்தவர் தயாரிப்பாளர் ஜான் ப்ரியன். செப்டம்பர் 7-ல், 26 வயதில், மில்லர் இறந்துபோனார். தன்னிடம் அவர் பேசியதையும் சேர்ந்து வேலை செய்த நாட்களையும் வைத்து ப்ரியன் முடித்துக்கொடுத்த ஆல்பம் 2020 ஜனவரியில் வந்தது. இதற்குச் சரியான வழி என்று ஒன்று இல்லை என்பதை வெளியிடும்போது குடும்பமே சொன்னது. அந்த வார்த்தையை நான் நம்புகிறேன். பிரபலங்களைக் கூட்டிவந்து இடத்தை நிரப்பவும் இல்லை. கேளுங்கள்.

ஆனால் புல்லரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

என் கல்லூரி நண்பன் ஒருவன் கவிதை எழுதுவான். படிப்பு முடிந்த வருடமே பேருந்து விபத்தில் போய்விட்டான். அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் அவனுடைய நோட்டிலிருந்து ஒரு கவிதையைப் படித்தார். இந்த வாசலுக்கு இனி வரமாட்டேன் என்று முடியும் கவிதை. “தெரிந்தே எழுதியிருக்கிறான்” என்றார். மண்டபமே அழுதது. அது எந்த வாசல் என்று எனக்குத் தெரியும். பாக்கி வைத்ததற்காகப் பத்துப் பேர் முன்னால் அவனைத் திட்டிய ஒரு மெஸ்ஸின் வாசல். அன்று ராத்திரி பசியோடும் ரோஷத்தோடும் அவன் எழுதியது. எழுந்து சொல்லப்போனேன், பக்கத்தில் இருந்தவர் கையை அழுத்தி உட்காரவைத்துவிட்டார். உயிரோடு இருந்த ஒருவனின் கோபத்தை அவன் கண்ணெதிரே இல்லாத நேரம் பார்த்து ஜாதகமாக்கிவிட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் மேக் மில்லருக்குச் செய்வதும் அதேதான். அந்த வீடியோவை முழுக்கப் பார்த்தீர்களா? சவப்பெட்டிக்குள் கிடக்கிறார், சரி. கத்தியால் பலகையில் எழுதுகிறார். அப்புறம் பலகையை உடைத்து, மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்துவிடுகிறாரே! பெட்டியைப் பார்த்த கண்ணுக்கு அவர் வெளியே வந்தது எப்படித் தெரியாமல் போனது? ‘எவ்ரிபடி’ பாட்டில் எல்லாரும் ஒருநாள் சாகத்தான் வேண்டும் என்று வருவதையும் சிலர் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அது ஆர்தர் லீ என்ற அமெரிக்க ராக் பாடகர் 1970-களில் பாடிய பாட்டு. மில்லர் ஆசைப்பட்டு எடுத்துப் பாடினார்.

சாவு தெரிந்தவர் செய்கிற காரியங்களா அவர் செய்தவை? அக்டோபர் கடைசியில் தண்டர்கேட் என்ற இசைக்கலைஞரோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருந்தது. ‘ஸ்விம்மிங்’, ‘சர்க்கிள்ஸ்’ இரண்டும் முடிந்ததும் முழுக்க ராப்பாக மூன்றாவது ஆல்பம் ஒன்று திட்டத்தில் இருந்ததாக ப்ரியன் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதத்துக்கும் அதற்கு அடுத்த ஆல்பத்துக்கும் வேலை வைத்திருந்த மனிதர் அவர். ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலிநிவாரணி, கோகெயின், மது மூன்றும் உடலில் கலந்ததால் நேர்ந்த விபத்து என்பது லாஸ் ஏஞ்சலஸ் பிரேதப் பரிசோதனையின் முடிவு. ஆக்ஸிகோடோன் என்ற வலிநிவாரணி என்று சொல்லி அவருக்கு விற்கப்பட்ட போலி மாத்திரைகளில் ஃபென்டனில் இருந்தது. அந்த மாத்திரைகள் கைமாறிய வழியில் இருந்த இருவருக்கு 2022-ல் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. முன்பே எழுதி வைத்த விதி என்று நீங்கள் சொல்லும்போது இவர்கள் எல்லாரும் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். போலி மாத்திரை மறைந்துவிடுகிறது, ஒரு தீர்க்கதரிசி மட்டும் மிஞ்சுகிறார். அவருடைய பெற்றோருக்கு அது எப்படி இருக்கும் என்று ஒருமுறை யோசியுங்கள்.

‘குட் நியூஸ்’ சோர்வைப் பற்றிய பாட்டு. நல்ல செய்தி மட்டும்தான் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது, என் களைப்பைக் கேட்க ஆளில்லை என்கிறார். போன செமஸ்டரில் அது உங்களைத் தொட்டது சாவினால் அல்ல. நீங்களும் களைத்திருந்தீர்கள், அதனால்தான். அந்தக் களைப்பு இன்னும் இருந்தால் பாட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் தம்பி. வீட்டில் ஒருவரிடம், இல்லையென்றால் அந்த அறைத்தோழனிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களோடு சண்டை போடும் அளவுக்கு அவனுக்கு அக்கறை இருக்கிறது.

முதலில் ‘ஸ்விம்மிங்’ கேளுங்கள், கையோடு ‘சர்க்கிள்ஸ்’. கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக்கூடாது. பாட்டில் என்ன கேட்டது என்று மட்டும் எழுதுங்கள்.